ஃபேன்டசி ஃபுட்பால்: டிராஃப்ட் முடிந்த மறுநாள் உங்கள் அணியை எடைபோடுவது எப்படி

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் நிஜ வீரர்களை முறைவைத்து எடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி கட்டுவதுதான் டிராஃப்ட்; அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கு நமக்குப் பாயிண்ட். ஆகஸ்ட் கடைசி வந்தாலே எனக்கு வாட்ஸாப்பில் ஸ்கிரீன்ஷாட் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, நேத்து டிராஃப்ட் முடிஞ்சது, டீம் எப்படி இருக்கு?" படத்தைப் பார்த்துவிட்டு நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உங்க லீக்கில் ஒரு கேட்ச்சுக்கு எத்தனை பாயிண்ட்?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. டிராஃப்ட் எடுத்து முடித்தாயிற்று, ஆனால் எந்த விதியில் விளையாடுகிறோம் என்பதே தெரியாது.

அமெரிக்க அலுவலகங்களில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் இந்த விளையாட்டுக்குள் வருகிறார்கள். பன்னிரண்டாவது ஆள் கிடைக்கவில்லை, நீ வா என்று யாராவது இழுத்துவிடுவார்கள். கிரிக்கெட் ஃபேன்டசியில் ஒவ்வொரு மேட்சுக்கும் புது அணி போட்டுப் பழகியவருக்கு, இங்கே ஒரே அணியை நான்கு மாதம் கட்டி மேய்க்க வேண்டும் என்பதும், ஒருவர் எடுத்த வீரர் லீக்கில் வேறு யாருக்கும் கிடைக்க மாட்டார் என்பதும் புரியவே சில வாரம் ஆகும். அதற்குள் நான்கு மேட்ச் தோற்றிருப்பார்.

வழி நெடுக ஓர் அணியையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 2024 ஆகஸ்டில், டல்லஸ் பக்கத்தில் எங்கள் அலுவலக லீக்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எடுத்த அணி. பன்னிரண்டு பேர் லீக், ஒரு கேட்ச்சுக்கு ஒரு பாயிண்ட், ஸ்னேக் டிராஃப்ட் (சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும்), அவருக்கு முதல் தேர்வு. கிறிஸ்டியன் மேக்காஃப்ரி, மைக் எவன்ஸ், ஜேலன் வாடில், டீ ஹிகின்ஸ், ஜோ பரோ, எவன் எங்க்ரம், ஸாக் மாஸ், டாக் ப்ரெஸ்காட், டல்லஸ் கௌபாய்ஸ் டிஃபென்ஸ் (ஊர் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமும் சேர்த்து ஓர் இடம்) என்று வரிசையாக எடுத்தார். அதற்குப் பிறகு எஸெக்கியல் எலியட், பிராண்டின் குக்ஸ், இன்னொரு டைட் எண்ட் (தடுக்கவும் செய்து பாஸும் பிடிப்பவர்), பந்தை உதைக்கும் கிக்கர் பிராண்டன் ஆப்ரி, பாஸ் பிடிக்கும் ஒரு புதுமுக ரிசீவர், கடைசியில் எதற்கென்றே தெரியாமல் இரண்டாவது கிக்கர். கௌபாய்ஸ் வாடை தூக்கலாக அடிக்கிறதே என்று நினைத்தால் சரிதான், அதற்கு வருவோம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லீக் செட்டிங்ஸ் பக்கம், பன்னிரண்டு அணிகளின் முழுப் பட்டியல், யாரும் எடுக்காமல் விட்ட வீரர்களின் பட்டியல், அந்த ஆண்டின் பை வார (ஓய்வு வார) அட்டவணை, ஒவ்வொரு என்எஃப்எல் அணியின் டெப்த் சார்ட் (எந்த இடத்தில் யார் முதல், யார் அடுத்து என்ற பட்டியல்), ஒரு காகிதம். கூகுள் ஷீட்டும் சரி, ஆனால் காகிதத்தில் எழுதுகிறவர்கள் தவறுகளைச் சீக்கிரம் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம்.

நேரமும் முக்கியம். என்எஃப்எல் அணிகள் ஆகஸ்ட் கடைசியில்தான் தங்கள் பட்டியலை 53 பேராகக் குறைக்கும். உங்கள் டிராஃப்ட் அதற்கு முன் நடந்திருந்தால், நீங்கள் எடுத்த ஒருவர் வேலையே இழந்திருக்கலாம், அல்லது அவருக்கு மேலே இருந்தவர் போயிருக்கலாம். ஆகவே 53 பேர் பட்டியல் வந்த பிறகு இந்தக் கணக்கை ஒருமுறை போடுங்கள். முன்னமே போட்டிருந்தால் திரும்பப் போடுங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை.

1. செட்டிங்ஸ் பக்கத்தை முதலில் படியுங்கள்

எல்லாரும் கடைசியில் செய்வதை முதலில் செய்யச் சொல்கிறேன். காரணம், ஒரே வீரருக்கு லீக்குக்கு லீக் மதிப்பு மாறும்.

2024 சீசனையே எடுத்துக்கொள்வோம். ரைடர்ஸ் அணியின் டைட் எண்ட் பிராக் பவர்ஸ், அது அவருக்கு முதல் ஆண்டு, 112 பந்து பிடித்தார், 1,194 யார்டு, 5 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது). ரேவன்ஸின் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டெரிக் ஹென்றி ஓடி 1,921 யார்டு எடுத்தார், பிடித்த பந்து வெறும் 19. பத்து யார்டுக்கு ஒரு பாயிண்ட், டச்டவுனுக்கு ஆறு என்ற வழக்கமான கணக்கில், கேட்ச்சுக்குப் பாயிண்ட் இல்லாத லீக்கில் பவர்ஸுக்குச் சுமார் 149 வரும். கேட்ச்சுக்கு ஒன்று என்றால் சுமார் 261. ஹென்றிக்கு அதே மாற்றத்தில் கூடுவது 19 தான். அரை பாயிண்ட் லீக்கில் இரண்டுக்கும் நடுவே நிற்கும். நீங்கள் படிக்கும் தரவரிசைப் பட்டியல் எந்தக் கணக்குக்குப் போட்டது என்று பார்க்காமல் அதை வைத்து அணியை எடைபோட்டால், தராசே தப்பு.

பார்க்க வேண்டிய இன்னொன்று, பாஸிங் டச்டவுனுக்கு நான்கா ஆறா என்பது. ஆறு என்றால் பாஸ் எறியும் குவார்ட்டர்பேக் எல்லாருமே ஏறுவார்கள், ஆனால் ஒரே அளவில் ஏற மாட்டார்கள். ஜோ பரோ 2024இல் 43 டச்டவுன் பாஸ் போட்டார், ஜேடன் டேனியல்ஸ் 25. நான்கு ஆறாக மாறினால், பரோவுக்குக் கூடுவது டேனியல்ஸுக்குக் கூடுவதைவிட 36 பாயிண்ட் அதிகம். நான்கு பாயிண்ட் லீக்கில் காலால் ஓடும் குவார்ட்டர்பேக்குக்கு மவுசு அதிகம்.

அப்புறம் எத்தனை பேர் ஆட வேண்டும், பெஞ்சில் எத்தனை இடம், காயக்காரர்களுக்குத் தனி இடம் உண்டா, வேவர் (யாரும் எடுக்காத வீரரைக் கேட்டு வாங்கும் முறை) வரிசையா ஏலமா, ப்ளேஆஃப் எந்த வாரம். இவற்றைக் காகிதத்தின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தம்பியின் லீக்கில் ஒரு குவார்ட்டர்பேக், இரண்டு ரன்னிங் பேக், இரண்டு ரிசீவர், ஒரு டைட் எண்ட், ஒரு ஃப்ளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரையும் போடலாம்), கிக்கர், டிஃபென்ஸ், ஆக ஒன்பது பேர். பெஞ்ச் ஆறு.

2. ஆப் கொடுத்த கிரேடை மூடி வையுங்கள்

டிராஃப்ட் முடிந்ததும் ஆப் ஒரு மதிப்பெண் அட்டை அனுப்பும். ஏ பிளஸ், சி மைனஸ் என்று. தம்பிக்கு ஏ மைனஸ் வந்தது. அதை லீக் குழுவில் போட்டு நெருப்பு எமோஜி வாங்கினார்.

அந்த அட்டை எப்படி வருகிறது என்று யோசியுங்கள். ஆப் தன் கணிப்புப் பட்டியலை வைத்து உங்களுக்கு வீரர்களைக் காட்டியது, நீங்கள் அந்த வரிசையிலேயே எடுத்தீர்கள், அதே பட்டியலை வைத்து அது உங்களுக்கு மார்க் போட்டது. வாத்தியார் கொடுத்த விடைத்தாளைப் பார்த்து எழுதிவிட்டு அவரிடமே மார்க் வாங்குவது மாதிரி. பெஞ்சில் சும்மா உட்காரப்போகும் இரண்டாவது குவார்ட்டர்பேக்கின் கணிப்புப் பாயிண்டையும் கூட்டிக்கொண்டு கிரேடை ஏற்றிவிடும் ஆப்களும் உண்டு.

சி வந்தவர்களுக்கும் இதையே சொல்வேன். பதறி அன்றைக்கே யாரையாவது தூக்கி எறியாதீர்கள்.

3. எந்தச் சுற்றில் எடுத்தோம் என்பதை மறந்து ஒன்பது பேரை எழுதுங்கள்

காகிதத்தில் முதல் வாரம் ஆடப்போகிற ஒன்பது பேரை மட்டும் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் எந்தச் சுற்றில் எடுத்தீர்கள் என்று எழுதாதீர்கள். புதியவர்களை அதிகம் கெடுப்பது அந்த எண்தான். ஐந்தாம் சுற்றில் எடுத்தவரை, அவர் ஒன்றும் தேறமாட்டார் என்று தெரிந்த பிறகும் ஆறு வாரம் கையில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் "அஞ்சாவது ரவுண்டுல எடுத்தேனே." கொடுத்த விலை திரும்பி வராது.

2023இல் ராம்ஸ் அணியின் பூக்கா நாகுவாவைப் பெரும்பாலான லீக்குகளில் டிராஃப்டில் யாரும் சீண்டவில்லை. அவரை என்எஃப்எல் அணியே ஐந்தாம் சுற்றில்தான் எடுத்திருந்தது. அந்த சீசனில் 105 கேட்ச், 1,486 யார்டு, அப்போது புதுமுகங்களில் இரண்டுமே சாதனை. அவரை வேவரில் எடுக்க ஓர் இடம் வேண்டுமே! பலருக்கு அந்த இடத்தில் ஒரு "அஞ்சாவது ரவுண்டு" உட்கார்ந்திருந்தார்.

தம்பியின் ஒன்பது பேர்: பரோ, மேக்காஃப்ரி, மாஸ், எவன்ஸ், வாடில், எங்க்ரம், ஃப்ளெக்ஸில் ஹிகின்ஸ், ஆப்ரி, கௌபாய்ஸ் டிஃபென்ஸ். இப்படி எழுதிய உடனேயே ஒன்று தெரிந்தது. ரிசீவர் மூன்று பேர் பலம், இரண்டாவது ரன்னிங் பேக் இடம் பலவீனம். ஸ்கிரீன்ஷாட்டில் பதினைந்து பெயரும் வண்ணவண்ணமாக இருந்தபோது இது அவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

4. ஒவ்வொரு இடத்தையும் யாரும் எடுக்காதவரோடு ஒப்பிடுங்கள்

முக்கால் வேலை இந்தப் படியில்தான். அவசரப்படாதீர்கள்.

ஒன்பது பெயருக்கும் எதிரே, அதே இடத்தில் ஆடுகிறவர்களில் யாரும் எடுக்காமல் கிடக்கும் சிறந்த ஆளின் பெயரை எழுதுங்கள். இருவருக்கும் ஒரு வாரத்துக்குக் கணிக்கப்படும் பாயிண்டைப் பாருங்கள். வித்தியாசம்தான் உங்கள் ஆளின் உண்மையான மதிப்பு. 18 பாயிண்ட் எடுக்கும் குவார்ட்டர்பேக் உங்களிடம் இருக்கிறார், சும்மா கிடப்பவர் 16 எடுப்பார் என்றால், உங்கள் ஆளால் உங்களுக்குக் கிடைப்பது 2. 12 எடுக்கும் ரன்னிங் பேக் இருக்கிறார், சும்மா கிடப்பவர் 5 எடுப்பார் என்றால் கிடைப்பது 7.

ஏன் இப்படி ஆகிறது? என்எஃப்எல்லில் 32 அணி, 32 முதல்நிலை குவார்ட்டர்பேக். பன்னிரண்டு பேர் லீக்கில் ஒரு வாரம் ஆடுவது 12 பேர். எல்லாரும் ஆளுக்கு இரண்டு எடுத்தாலும் எட்டு பேர் மிச்சம். ரன்னிங் பேக் கதை வேறு. லீக்கில் வாரம் 24 பேர் கட்டாயம் ஆட வேண்டும், ஃப்ளெக்ஸையும் சேர்த்தால் முப்பதைத் தாண்டும். என்எஃப்எல் அணிகளிலோ பல இடங்களில் ஒரு வேலையை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பந்து உறுதியாகக் கிடைக்கும் ரன்னிங் பேக் யாரும் டிராஃப்ட் முடிவில் மிச்சமிருக்க மாட்டார்.

டைட் எண்ட் இதில் ஒரு விசித்திரம். மேலே நாலைந்து பேர் தனி, அதற்குக் கீழே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பெரிய வித்தியாசம் இல்லாதவர்கள். மேல்வரிசை ஆள் இருந்தால் அது நிஜமான பலம். இல்லையென்றால் இரண்டாவது டைட் எண்டைப் பெஞ்சில் வைப்பதால் எதுவும் சரியாகாது. தம்பி அதைத்தான் செய்திருந்தார்.

கிக்கர், டிஃபென்ஸ் இரண்டையும் ஒரு நிமிடத்தில் தாண்டுங்கள். சென்ற ஆண்டு முதலிடத்தில் இருந்தவர் இந்த ஆண்டும் இருப்பார் என்பதற்கு இந்த இரண்டு இடங்களில்தான் உத்தரவாதம் குறைவு. தம்பி ஒன்பதாம் சுற்றில் எடுத்த கௌபாய்ஸ் டிஃபென்ஸ், இரண்டாவது வாரமே சொந்த மைதானத்தில் செயின்ட்ஸிடம் 44 பாயிண்ட் வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்த வாரம் எதிரணி யார் என்று பார்த்து டிஃபென்ஸை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் எனக்குச் சரிப்பட்டு வந்த வழி.

வித்தியாசம் 2 பாயிண்டுக்குக் கீழே இருக்கும் இடங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். அங்கே நீங்கள் யாரை வைத்திருந்தாலும் ஒன்றுதான், ஆகவே அந்த இடத்துக்காகப் பெஞ்சில் மாற்று ஆள் வைத்திருப்பது வீண்.

5. ரன்னிங் பேக்குகளின் வேலையைத் தனியாகப் பாருங்கள்

திறமையைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். பந்து யார் கைக்கு வருகிறது, கோல் லைன் பக்கத்தில் யாரை இறக்குகிறார்கள், மூன்றாவது டவுனில் (பந்தை முன்னேற்றும் மூன்றாவது முயற்சியில்) பாஸ் பிடிக்க யார் நிற்கிறார். பெயருக்கு எதிரே "தனி ஆள்" அல்லது "பங்காளி" என்று எழுதிக்கொள்ளுங்கள். பங்காளி என்றால் கூட இருப்பவர் யார் என்பதையும்.

ஸாக் மாஸ் 2024இல் பெங்கால்ஸுக்குப் புதிதாக வந்தவர், ஜோ மிக்ஸன் போன இடத்துக்கு. கூடவே சேஸ் பிரவுன் என்ற இளைஞர். ஆகஸ்டில் மாஸைத்தான் முன்னால் எடுத்தார்கள். சீசன் போகப் போக வேலை பிரவுன் பக்கம் சாய்ந்தது, அக்டோபர் கடைசியில் கழுத்துக் காயத்தோடு மாஸின் ஆட்டம் நின்றுபோனது. பெஞ்சில் இருந்த எலியட்டும் அதே கதை. ஒரு காலத்தில் கௌபாய்ஸின் ராஜா, 2024இல் திரும்பி வந்தார், பெயருக்காக எடுத்தார்கள். வேலை ரிக்கோ டவுடிலுக்குப் போனது. அவர் ஆயிரம் யார்டு தாண்டினார், எலியட் அந்த சீசன் முழுக்க 226.

இதெல்லாம் ஆகஸ்டில் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முடிவு தெரியாது. ஆனால் இரண்டு இடத்திலும் பங்காளி இருக்கிறார் என்பது டெப்த் சார்ட்டைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பங்காளி இருக்கும் இடத்தில் வயதில் இளையவரை, விலை குறைந்தவரை எடுப்பது என் பழக்கம். அவர் எழுந்தால் லாபம், எழாவிட்டால் போனது ஒரு பெஞ்ச் இடம்.

6. காயச் செய்தியும் மாற்று ஆளும்

உங்கள் முதல் இரண்டு தேர்வுகளின் பெயரைத் தேடி, கடைசி மூன்று வாரச் செய்தியைப் படியுங்கள். "லிமிடெட்", "டே டு டே" என்று இருந்தால் அடுத்த வரிசை ஆள் யார் என்று பாருங்கள்.

2024 ஆகஸ்டில் மேக்காஃப்ரிக்குக் கெண்டைக்கால் பிரச்சினை இருந்தது. ஃபார்ட்டி நைனர்ஸில் அவருக்கு அடுத்து எலைஜா மிட்செல் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் மிட்செல் காயப் பட்டியலுக்குப் போனார். மீதி இருந்தது ஜோர்டன் மேசன். எங்கள் லீக்கில் அவர் யாரும் எடுக்காமல் கிடந்தார். ப்ரெஸ்காட்டை இறக்கிவிட்டு மேசனை எடுத்துக்கொள் என்று தம்பியிடம் சொன்னேன். "அண்ணா, மேக்காஃப்ரி ஆடப்போறார்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்காக டாக்கைப் போய் டிராப் பண்ணுவாங்களா?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள் இரவு, ஜெட்ஸோடு ஆட்டம். ஆடாதவர்கள் பட்டியல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்புதான் வரும். அதில் மேக்காஃப்ரி பெயர் இருந்தது. தம்பியின் பெஞ்சில் இருந்த எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையே ஆடி முடித்துவிட்டார்கள், பூட்டிவிட்ட ஆளை உள்ளே கொண்டுவர முடியாது. அந்த இடத்தில் பூஜ்யம். மேசன் 28 முறை ஓடி 147 யார்டு, ஒரு டச்டவுன்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது, ஒன்றுதான் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தது: முதல் சுற்று ரன்னிங் பேக் காயத்தோடு இருந்தால் அவருடைய மாற்று ஆளை, ஹேண்ட்கஃப் என்பார்கள், கையில் வைத்துக்கொள்வது. இன்னொன்று: சந்தேகத்தில் இருக்கும் ஆள் திங்கள் இரவு ஆடுகிறார் என்றால், அதே இரவு ஆடும் இன்னொருவராவது உங்கள் பெஞ்சில் இருக்க வேண்டும். சந்தேக ஆளை ஃப்ளெக்ஸ் இடத்தில் வைத்தால் ரிசீவர், டைட் எண்ட் யாரை வேண்டுமானாலும் அங்கே மாற்றலாம். ரன்னிங் பேக் இடத்தில் வைத்தால் ரன்னிங் பேக்தான் வேண்டும்.

எல்லாருடைய ஹேண்ட்கஃபையும் எடுத்து வைக்க வேண்டாம். ஆறு இடப் பெஞ்சில் ஒன்று போதும், அதுவும் முன்னால் இருப்பவர் விழுந்தால் வேலை முழுக்க ஒருவருக்கே போகும் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும்.

7. பை வாரங்களை வரிசைப்படுத்துங்கள்

ஒவ்வொரு அணிக்கும் சீசனில் ஒரு வாரம் ஓய்வு. 18 வாரத்தில் 17 ஆட்டம். ஒன்பது பேருக்கு எதிரே பை வார எண்ணை எழுதுங்கள். ஒரே எண் எங்கே குவிகிறது என்று பாருங்கள்.

2024இல் 12ஆம் வாரம் ஆறு அணிகளுக்கு ஓய்வு: ஃபால்கன்ஸ், பில்ஸ், பெங்கால்ஸ், ஜாகுவார்ஸ், செயின்ட்ஸ், ஜெட்ஸ். தம்பியின் பரோ, ஹிகின்ஸ், மாஸ் மூவரும் பெங்கால்ஸ், எங்க்ரம் ஜாகுவார்ஸ். ஒன்பதில் நான்கு பேர் ஒரே வாரம் இல்லை.

இதைப் பார்த்துப் பயந்து ஆகஸ்டிலேயே ஆட்களை மாற்றுகிறவர்கள் உண்டு, அது இதைவிடப் பெரிய தவறு. நவம்பருக்குள் உங்கள் ஒன்பது பேரில் மூன்று பேராவது மாறியிருப்பார்கள். குறித்து மட்டும் வையுங்கள், இரண்டு வாரம் முன்னதாக ஏற்பாடு செய்யுங்கள். மூன்று பேருக்குக் கீழே குவிந்தால் அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஒரே வாரம் மொத்தமாக இழந்து, மீதி எல்லா வாரமும் முழு பலத்தோடு ஆடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது குவார்ட்டர்பேக் வைத்திருப்பவர்கள் சொல்லும் ஒரே காரணம் இந்த பை வாரம். தம்பியும் சொன்னார், "பரோவுக்கு லீவு வர்ற வாரம் டாக் ஆடுவார்ல?" அந்த ஒரு வாரத்துக்காகப் பதினொரு வாரம் ஒரு பெஞ்ச் இடத்தைக் கட்டி வைத்தார். நவம்பர் 3 அன்று ப்ரெஸ்காட்டுக்குத் தொடைத்தசைக் காயம், சீசன் முடிந்தது. 12ஆம் வாரம் வந்தபோது பரோவுக்கு ஓய்வு, ப்ரெஸ்காட் இல்லை, வேவரில் எவரையோ எடுத்து ஆடினார். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

8. பெஞ்சில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

"எது நடந்தால் நீ என் ஒன்பது பேருக்குள் வருவாய்?" முன்னால் இருப்பவருக்குக் காயம், அல்லது வேலைப் பங்கு கூடுவது, அல்லது புதுமுகம் அணியில் காலூன்றுவது, இப்படிப் பதில் கிடைத்தால் இருக்கட்டும். பதிலே இல்லாதவர்கள் இடத்தை அடைக்கிறார்கள்.

தம்பியின் ஆறு பேரிடம் கேட்டுப் பார்த்தோம். புதுமுக ரிசீவருக்குப் பதில் இருந்தது. எலியட்டுக்கு அரைப் பதில். குக்ஸ் வயதான ரிசீவர், வாரம் நாலைந்து பாயிண்ட் எடுப்பார், எந்த வாரம் பெரிதாக எடுப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது டைட் எண்ட், இரண்டாவது குவார்ட்டர்பேக், இரண்டாவது கிக்கர் மூவருக்கும் பதிலே இல்லை. ஆறில் மூன்று இடம் காலி மாதிரிதான்.

ஊர்ப்பாசம் இங்கேதான் கழுத்தை அறுக்கும். டல்லஸில் இருந்துகொண்டு கௌபாய்ஸ் ஆட்களை எடுக்காமல் இருப்பது கஷ்டம், எனக்கும் தெரியும். ஐந்து பேர் எடுத்திருந்தார். ஒரு அணி நன்றாக ஆடாத சீசனில் ஐந்து பேரும் சேர்ந்தே படுப்பார்கள். ஆப்ரி மட்டும் நன்றாக ஆடினார், அது அதிர்ஷ்டம்.

9. மற்ற பதினோரு அணிகளையும் இதே மாதிரி எழுதுங்கள்

அலுப்பான வேலை, அணிக்கு ஐந்து நிமிடம். யாருக்கு எந்த இடம் பலம், எந்த இடம் ஓட்டை என்று ஒரே ஒரு வரி. உங்கள் அணி நல்லதா கெட்டதா என்பது இந்தப் பதினோரு பேரை வைத்துத்தான். உங்களுக்கு ரன்னிங் பேக் பலவீனம், ஆனால் லீக்கில் எட்டு பேருக்கு அதே நிலை என்றால் அது பலவீனமே இல்லை.

முதல் தேர்வு வைத்திருப்பவர் இங்கே இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்னேக் டிராஃப்டில் 1ஆம் ஆளை எடுத்த பிறகு அவருக்கு அடுத்த வாய்ப்பு 24, 25. பிறகு 48, 49. நடுவில் 22 பேர் போய்விடுவார்கள். ஏதோ ஓர் இடத்தில் ஓட்டை விழுவது இயல்பு, டிராஃப்டில் சொதப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ட்ரேட் செய்ய ஆள் தேடும்போது எதிர்த்திசையில் ஓட்டை உள்ளவரைப் பாருங்கள். தம்பிக்கு ரிசீவர் மூன்று, ரன்னிங் பேக் ஒன்றரை. லீக்கில் நான்கு ரன்னிங் பேக் எடுத்து ரிசீவரில் திண்டாடிக்கொண்டிருந்தவர் இரண்டு பேர் இருந்தார்கள். ஹிகின்ஸைக் கொடுத்து அவர்களில் ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

எப்போது கேட்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டிராஃப்ட் முடிந்த வாரம் எல்லாருக்கும் தங்கள் ஆள்மேல் காதல், யாரும் நியாயமான விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். இரண்டு வாரம் ஆடவிடுங்கள். தொடர்ந்து இரண்டு தோற்றவர் தானாகவே பேச வருவார். அப்புறம், ஒருவருக்கு இரண்டு பேர் தருகிறேன் என்று குப்பையைக் கட்டிக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் ஒருவரை டிராப் செய்ய வேண்டியிருக்கும், அதனால் கிண்டல் செய்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்.

10. முதல் ஆட்டத்துக்கு முன் மூன்று மாற்றம், அதற்கு மேல் வேண்டாம்

காகிதத்தில் இப்போது வட்டங்களும் கேள்விக்குறிகளும் நிறைய இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யக் கை பரபரக்கும். முதலில், காயப் பட்டியலில் உள்ள ஆள் யாராவது இருந்தால், லீக் விதி அனுமதித்தால் தனி இடத்துக்கு நகர்த்துங்கள். என்எஃப்எல் காயப் பட்டியலுக்குப் போனவர் குறைந்தது நான்கு ஆட்டம் வர மாட்டார், அதுவரை அவர் பெஞ்சை அடைக்க வேண்டியதில்லை. அடுத்து, எட்டாம் படியில் பதில் இல்லாதவர்களில் இரண்டு பேரை இறக்கிவிட்டு, வேலை கூட வாய்ப்புள்ள ரன்னிங் பேக்கோ ரிசீவரோ எடுங்கள். மூன்றாவது, டிஃபென்ஸை முதல் வார எதிரணியைப் பார்த்து மாற்றுங்கள். ப்ளேஆஃப் பெரும்பாலும் 15 முதல் 17ஆம் வாரம் வரை நடக்கும். அந்த வார எதிரணிகளை இப்போதே ஆராய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், அதற்குள் பாதி அணி மாறிவிடும்.

இதையெல்லாம் முதல் வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முன்பே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் வேவர் வரிசை. சீசன் தொடங்கும் முன், டிராஃப்டுக்குப் பிறகான வேவர் முடிந்துவிட்டால், மிச்சம் கிடப்பவர்களை யார் வேண்டுமானாலும் உடனே எடுக்கலாம். ஆட்டங்கள் தொடங்கிய பிறகு செவ்வாய் இரவோ புதன் அதிகாலையோ வரிசைப்படிதான் கிடைக்கும். வரிசை முறையில் நடக்கும் பல லீக்குகளில் ஆரம்ப வரிசை டிராஃப்ட் வரிசைக்குத் தலைகீழ், முதல் தேர்வு வைத்திருந்தவர் கடைசி.

திங்கள் இரவு ஆட்டம் முடியும் முன்பே தம்பி மேசனைக் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, "கிடைச்சிரும்லண்ணா?" என்று மெசேஜ் அனுப்பினார். புதன் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் மேசனைக் கேட்டு ஐந்து பேர் போட்டிருந்தார்கள். தம்பி பன்னிரண்டாவது.